பத்தொன்பது நாள் உறுப்பினர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, நவம்பர். லண்டன் பாராளுமன்றத்தின் வாயிற்காப்பாளர் பினாக்கிடம் ஈடித் கார்சைட் அழுதுகொண்டே வந்தாள். உறுப்பினர் ட்ரப்ஷாவின் தட்டச்சாளர் அவள். ட்ரப்ஷா தேர்தலில் ஜெயித்து வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவர் கிழித்தது ஒன்றுமில்லை.

"தறியில விரல் போகுதுன்னு நாலாயிரம் மில் பொண்ணுங்க கையெழுத்துப் போட்ட மனுங்க ஐயா. நேத்து மூணு மணிக்கு எதிர்த் தெருவுல இருக்கிற அவரு அறையில வெச்சுப் பூட்டிட்டுப் போனேன். அஞ்சு மணிக்கு வந்தா, கணப்புல சாம்பல். நாந்தான் எரிச்சேன்னு ட்ரப்ஷா சொல்றாரு, நாளைக்குப் போலீஸாம். அவரு நாள் பூரா சபையிலதான் இருந்தாராம்."

இருக்கையில் தொப்பி இருந்தால் ஆள் கட்டடத்துக்குள் இருக்கிறார் என்று பொருள். வெளியே போனால் தொப்பியும் கூடவே போக வேண்டும். அது சபை வழக்கம்.

"தொப்பி அங்கேயேதான் இருந்துச்சுண்ணே, நானே நிருபர் மாடத்துலேருந்து பாத்தேன்!" என்று துள்ளினார் பக்கத்தில் நின்ற பத்திரிகை நிருபர் ஹாப்சன்.

"ஆறு மணி வாக்கெடுப்புல?" பினாக் நிதானமாகக் கேட்டார்.

"ஐயோ, அதக் கேக்காதீங்க! வாக்கெடுப்பு நடக்கறப்ப பேசணும்னா தொப்பி போட்டுட்டுத்தானே பேசணும், அதானே விதி? மனுஷன் பேசறதுக்காக இருக்கையில இருந்தத எடுத்து மாட்டினாரு. பூசணிக்கா மேல கிண்ணம் கவுத்தாப்ல இருந்துச்சு. சபையே சிரிச்சுது."

அதற்குள் ட்ரப்ஷாவே வந்துவிட்டார். "யோவ் பினாக், இவள வெளிய தள்ளுய்யா!"

"தள்ளலாங்க. இப்ப போட்டிருக்கிற தொப்பி கச்சிதமா இருக்கே. நேத்து உங்க தொப்பியே உங்க தலைக்குச் சேரலையே, ஏன்?"

"அது... பழசு."

"இடம் புடிக்க ஒண்ணு, ஊர் சுத்த ஒண்ணு. அஞ்சரைக்கு வெளிய கோட்டு மாட்டுற எடத்துல, உங்க கொக்கியில இந்தத் தொப்பி சொட்டச் சொட்டத் தொங்குச்சு. நாந்தான் தொடச்சேன். மழை பிடிச்சதே மூணரைக்கு. உள்ள இருந்த மனுஷன் தலையில எந்த மழைங்க பெஞ்சுது? வாக்கெடுப்புக்குக் கதவ அடைச்சோம், நல்ல தொப்பி வெளிய மாட்டிக்கிச்சு. அறைச் சாவி ரெண்டே ரெண்டு, ஒண்ணு இவகிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. கையெழுத்து வாங்கிட்டு வந்த பொண்ணா எரிப்பா?"

ட்ரப்ஷா தொப்பியைக் கழற்றிக்கொண்டு கத்தினார். "மில் முதலாளிதான்யா என்னை ஜெயிக்க வெச்சாரு! பொம்பளைக்கு ஓட்டே கிடையாது, அவளுங்க மனு எதுக்கு?"

ஹாப்சன் அதை எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் வந்தது. அன்று மாலையே ட்ரப்ஷா பதவியை விட்டு ஓடினார். சீ, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மில் பெண்கள் மறுபடியும் கையெழுத்துப் போட்டார்கள், விரல் போனவர்கள் மற்றக் கையால். வேறொரு உறுப்பினரிடம் கொடுக்க ஈடித் அதைச் சுமந்து வந்தாள்.

"சபைக் குறிப்பேட்டுல ட்ரப்ஷா பேரு இருக்குமாங்க ஐயா?" என்று கேட்டாள்.

"இருக்கே, ஒரே ஒரு எடத்துல. 'திரு. ட்ரப்ஷா பேச முயன்றார். சிரிப்பு.' அவ்வளவுதாம்மா," என்று சொல்லி, பினாக் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.