கிளாரி வாங்காத டிக்கெட்

டெலிபோன் அலறியது!

பாதி ஷேவிங்கில் இருந்த ஆளை நுரையோடு விட்டுவிட்டு, கிளாரி ஹாஸ்கின் ரிசீவரை எடுத்தான்.

"கிளாரிதானே? உன் சம்சாரம் மெர்ல் என்கிட்ட இருக்கா. லாட்டரி ஆபீஸ் மூடறதுக்குள்ள பரிசுப் பணத்தை வாங்கி வை. சாயங்காலம் கூப்பிடறேன். போலீஸ் கீலீஸ்னு போனே... அவளை மறந்துடு."

"எந்தப் பரிசு? ஹலோ... ஹலோ..."

லைன் செத்திருந்தது.

நுரைக்காரர் உட்கார்ந்தபடியே அன்றைய பேப்பரை நீட்டினார். அரசாங்க லாட்டரி, முதல் பரிசு, ஆறாயிரம் பவுண்டு. லட்சம் மர உருண்டைகளைப் பீப்பாயில் போட்டு உருட்டி, அதில் எடுத்த ஒரே உருண்டை! சிட்னிப் பேப்பர்காரர்களுக்குக் கூச்சம் ஏது? ஜெயித்தவன் பெயரோடு விலாசத்தையும் அச்சடித்துவிடுவார்கள். திருடனுக்கு அலைச்சல் மிச்சம்.

சி. ஹாஸ்கின், சலூன், கேம்பல் தெரு.

சத்தியமாக அவன் டிக்கெட் வாங்கவில்லை! அவனும் மெர்லும் மெதடிஸ்ட் சர்ச்காரர்கள். பீர், குதிரைப் பந்தயம், லாட்டரி... மூன்றுமே பாவம்.

மெர்ல் காலையில் சர்ச் தையல் கூட்டத்துக்குக் கிளம்பியவள். கிளாரி அங்கே போன் போட்டான். வரவே இல்லை என்றார்கள்.



அதற்குள் கடையில் கூட்டம். கிளாரி இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். யார் நம்புகிறார்கள்? எதிர் பப் முதலாளி, பலே கள்ளன்ப்பா நீ என்று கண்ணடித்தார். சர்ச் பாதிரியார் வேறு வந்துவிட்டார். கொள்கைக்காரியான மெர்ல் பேப்பரைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டுப் போயிருப்பாள், கிளாரி மனம் திருந்தினால் அவள் திரும்பி வருவாள் என்று வருத்தத்தோடு சொன்னார். அவன் கடத்தல் என்றதும், பாவத்தை மறைக்க இன்னொரு பாவமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரித்தான்.

டிக்கெட்! பரிசு விழுந்த அதே நம்பர்! யாரோ எழுத்துக்கூட்டி எழுதிய அவன் பெயர். ஒரு வரிக் கடிதம்கூட இல்லை.

கிளாரிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. போலீசுக்குப் போகாதே என்ற குரல் காதிலேயே இருந்தது. ஆனால், நேர்மையாக நடப்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் தெரியாது. ஸ்டேஷனுக்கு ஓடினான்.

சார்ஜெண்ட் டியர்னி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளாரி, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா அவ அக்கா வீட்ல போய்த் தேடுப்பா. அதுக்குன்னு கடத்தல் கதையா?"

"சார், இது என் டிக்கெட் இல்ல. பைபிள் மேல சத்தியம் பண்றேன்."

"எங்க, பண்ணு பாக்கலாம்."

பண்ணினான். எழுதிக் கையெழுத்தும் போட்டான். டியர்னியின் முகம் மாறிவிட்டது. கிளாரி பைபிளைத் தொட்டுப் பொய் சொல்கிறவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"நம்பறேன்ப்பா. மெர்லைத் தேட ஆள் அனுப்பறேன். டிக்கெட் எங்க பெட்டியில பத்திரமா இருக்கும். சொந்தக்காரன் வந்து கேட்டா அவன்கிட்ட குடுப்போம்."

காலையிலிருந்து ஒருத்தராவது நம்பினாரே! கிளாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் டெலிபோன் அடித்தது.

"பணம் வாங்கிட்டியா?"

"ஐயா, அது என் டிக்கெட்டே இல்ல. நான் ஜென்மத்துல லாட்டரி வாங்கினதில்ல."

"தெரியும்."

கிளாரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வாங்கினது நான்தான். என் பேரை எழுதினா பணம் குடுக்கிற ஜன்னல்லயே விலங்கு மாட்டிடுவாங்க, நான் அவ்வளவு பிரபலம். பப்ல உக்காந்து பாத்தேன், எதிர்ல உன் கடை போர்டு தெரிஞ்சுது. எழுதிட்டேன். இப்ப டிக்கெட்டும் வேணும், பேருக்கு உரிய ஆளும் வேணுமாம். அதான் உன் சம்சாரம் இங்க விருந்தாளி. தபால் வந்துச்சில்ல?"

"வந்துச்சு..."

"டிக்கெட் எங்க?"

கிளாரி சொன்னான். சத்தியம், கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னான். அப்போதும் அவனுக்குப் பொய் வரவில்லை!



மறுமுனையில் எங்கோ பின்னால், "கிளாரி..." என்று மெர்லின் குரல் கேட்டது. பட்டென்று அடங்கியது.

கிளாரி கதறினான். கடையை எழுதித் தருகிறேன், வீட்டைத் தருகிறேன், காலில் விழுகிறேன் என்றான்.

"அழாத பிரதர். இந்த வாரமும் உன் பேர்லயே ஒரு டிக்கெட் வாங்கறேன். உனக்கு ராசியான பேரு... முதல் பரிசு விழுந்த அன்னிக்கே உன் சம்சாரம் வீட்டுக்கு வந்துடுவா!"