திருத்தாத ஒரு பாட்டு

கச்சேரியை ஏற்பாடு செய்யும் நறுமுகை கடற்கரை வாசலில் நின்று ஒவ்வொருவர் காதையும் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். காதில் மாட்டும் செவித்திருத்தி இல்லாதவர்களுக்குக் கச்சேரி கேட்காது. பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து தூத்துக்குடியின் கோடைக் கச்சேரிகள் எல்லாம் இப்படித்தான். வாத்தியத்திலிருந்து இசை நேராகக் காதுக்குள் போய்விடும். வெளியே அலைச்சத்தம் மட்டும்.

மிராந்தா சகோதரர்கள் குழுவில் இப்போது மிஞ்சியிருக்கும் சகோதரர் தெலஸ்போர் ஒருவர்தான். எழுபத்தெட்டு வயதிலும் இஸ்திரி போட்ட கோட்டோடு விறைப்பாக நின்று பாஸ் கிட்டார் வாசிப்பார். தானும், எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிக்கும் தங்கை புருஷன் கொஸ்மாஸும் காதில் எதையும் மாட்டுவதில்லை என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. கிட்டாரின் அதிர்வை விலா எலும்பில் வாங்கிக்கொண்டு, கொஸ்மாஸின் வலது காலைப் பார்த்தபடி வாசிப்பார். அவர்கள் வாசிக்கும் ஃபங்க் என்ற ஆட்ட இசைக்கு முதல் தட்டுதான் உயிர். அதில் எல்லாரும் ஒன்றாக விழுந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

செவித்திருத்தி வாசிப்பவர்களின் பிசகுகளையும் சரிசெய்துதான் காதுக்குள் அனுப்பும். மிராந்தா வீட்டுக்காரன் தப்பாக வாசித்தால் தப்பாகவே கேட்கட்டும் என்று நறுமுகையிடம் ஒரு மாதம் மல்லுக்கட்டி, கடைசிப் பாட்டுக்கு மட்டும் திருத்தத்தை நிறுத்தச் சம்மதம் வாங்கியிருந்தார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் இந்த வருஷம் மேடையேறவே ஒப்புக்கொண்டார்.

வெயில் தணிந்ததும் வாசிப்பு தொடங்கியது. நாலாவது பாட்டில் அவருடைய நடுவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. முதல் தட்டு போயிற்று. அவமானத்தில் முகம் சுட நிமிர்ந்து பார்த்தார். மணலில் ஆடியவர்களின் கால்கள் அத்தனையும் சரியாகவே விழுந்தன. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. சந்தேகம் வந்து ஒரு சுற்று முழுக்கக் கையை எடுத்துவிட்டு நின்றார். கூட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. கொஸ்மாஸும் அவரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் கொஸ்மாஸ் அவர் தோளைத் தட்டினார்.

"நாலாவது பாட்டுல பின்னிட்ட மச்சான். பாஸ் சும்மா கும்முனு இருந்துச்சு."

"நான் வாசிக்கவே இல்ல, கொஸ்மாஸ்."

கொஸ்மாஸின் கை தன்னையறியாமல் காதை மூடியிருந்த நரைமுடிக்குப் போயிற்று. தெலஸ்போர் அந்த முடியை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கலைந்ததைத் தன் விரலாலேயே சரிசெய்துவிட்டார்.

நாலு வருஷமாக மாட்டியிருப்பதாக கொஸ்மாஸ் சொன்னார். கை நடுக்கம். தங்கைக்கும் தெரியாதாம். தன் குச்சி விழும் சத்தத்தைத் தானே கேட்கப் பயமாக இருக்கிறதாம்.

"கடைசிப் பாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா," என்றார் கொஸ்மாஸ். "பரவால்ல மச்சான். நீ ஆசப்பட்டது."

தெலஸ்போர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நறுமுகையைத் தேடிப் போனார். கடைசிப் பாட்டுக்கும் திருத்தம் இருக்கட்டும் என்றார். அவளுக்கு ஆச்சரியம்.

"இதுக்குத்தானே சார் என்கிட்ட அவ்வளவு சண்ட போட்டீங்க?"

"குடும்ப விஷயம்மா," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசிப் பாட்டில் அவர் கொஸ்மாஸின் காலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். குச்சி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாக இறங்கியது. தட்டுக்கு முன்னால் கால்கள் விழும்போதெல்லாம் கூட்டம்தான் முந்துகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். எங்கே கால் விழ வேண்டும் என்பதைக் கூட்டத்துக்குச் சொல்வது குச்சி அல்ல, செவித்திருத்தி.

விரல் இன்று சொன்னபடி கேட்டது. சரியான இடத்தில் தட்டை வைக்க அவரால் முடிந்திருக்கும். வைக்கவில்லை. குச்சி இறங்கும் வரை காத்திருந்து, அதனோடு சேர்த்துக் கம்பியைச் சுண்டினார். மூவாயிரம் பேரின் கால்கள் முன்னதாகவே மணலில் விழுந்து முடிந்திருந்தன. அதற்குப் பின்னால், யார் காதிலும் விழாமல், குச்சியும் கம்பியும் ஒன்றாக விழுந்தன.

கொஸ்மாஸ் கண்ணை மூடிக்கொண்டு, தன் காதுக்குள் ஒலித்த யாரோ ஒரு தெலஸ்போரோடு மகிழ்ச்சியாக வாசித்துக்கொண்டிருந்தார்.