சில்வர் கெக்கோ பதினாலு

போன் அடித்தது.

நூர் முகம்மது எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? அவர் செத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது!

பேராக் ரோட்டு வீட்டின் ஹாலில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு சூப்பர்ஹீரோ சிலை உருண்டு கிடந்தது. ஆறு கிலோ. லிமிடெட் எடிஷன். போன வருஷம் குகன்தான் அதை அவருக்கு விற்றான்.

இன்று காலை பத்தேகாலுக்கு அதைத் தூக்கி அவர் தலையில் இறக்கியதும் அதே குகன்தான்.

போன் நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. திரையில் பெயர்... ரூபினி.

குகனுக்கு அவளைத் தெரியும். காமிக்ஸ் உலகச் செய்திகளை வீடியோ போட்டுச் சொல்கிற பெண். காலை ஏழு மணிக்கு அவள் போட்ட இரண்டு நிமிட வீடியோதான் அவனை இங்கே இழுத்து வந்திருந்தது.

"மக்களே... சில்வர் கெக்கோ படமாகுது! வில்லன் யாரு தெரியுமா? டாக்டர் மாத்! அவன் முதன்முதலா வந்த பதினாலாம் நம்பர் புக் வீட்ல இருக்கா? பீரோல வெச்சுப் பூட்டுங்க லா!"

எட்டு மணிக்கு அந்த இதழின் விலை ஐயாயிரம் வெள்ளி. ஒன்பதரைக்கு... நாற்பதாயிரம்!

போன வாரம்தான் குகன் அதை நூற்றெண்பது வெள்ளிக்கு விற்றிருந்தான். நூர் முகம்மதுவிடம்.

கேம்பல் ஸ்திரீட்டில் மாடிக் கடை. பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் காமிக்ஸ் விற்கிறான். இப்போது படம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், புத்தகம் வாங்க ஆளில்லை. வாங்குகிற நாலு பேரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். இந்த மாதக் கடைசியோடு கடையை மூடுவதாக இருந்தான். அந்த ஒரு புத்தகம் கைக்கு வந்தால் கடை பிழைக்கும்.

காலை பத்து மணிக்குக் காடியை எடுத்துக்கொண்டு பறந்து வந்தான்.

"வா தம்பி, பசியாறிட்டியா?" நூர் முகம்மது சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அறுபத்திரண்டு வயது. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, காலையில் காமிக்ஸ், மாலையில் காமிக்ஸ் என்று வாழ்கிறவர். மனைவி ஹபீபா பீவி பாசாருக்குப் போயிருந்தாள்.

மேசையில் கூரியர் பார்சல் ஒன்று கிழிந்து கிடந்தது. அதிலிருந்து வந்த புது இதழ் ஒன்று கவர் இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் கவர்கள், அட்டைகள், டேப்.

"ஆன்லைன்ல வாங்கறீங்களாண்ணே? எங்கிட்ட வாங்கலாம்ல?"

"உங்கிட்ட அஞ்சு வெள்ளி கூட லா."

குகன் அதை விழுங்கிக்கொண்டான். "அண்ணே... அந்த கெக்கோ பதினாலு. தெரியாம உங்களுக்குக் குடுத்துட்டேன். வேற ஒரு கஸ்டமருக்கு எடுத்து வெச்சது. ஐந்நூறு வெள்ளி தர்றேன், குடுத்துடுங்க."

"ரூபினி வீடியோவ நானும் பார்த்தேன் தம்பி."

"ரெண்டாயிரம்!"

"ம்ஹும்."

"ஐயாயிரம்ணே! கடையே போகப்போகுது. கால்ல விழுகிறேன்..."

நூர் முகம்மது பதினாலாம் நம்பரை எடுத்து விசிறி போல வீசிக்கொண்டார்.

"தம்பி... போன வருஷம் 'இத வெச்சு படம் வருது, ரேட் பிச்சுக்கும்'னு சொல்லி ஒரு புக்க எழுநூறு வெள்ளிக்கு என் தலைல கட்டுன. ஞாபகம் இருக்கா?"

"அண்ணே, அது..."

"படம் கேன்சல். ரேட் பத்து வெள்ளி. 'பாதிக்காவது திருப்பி எடுத்துக்க தம்பி'ன்னு உன் கடை வாசல்ல நின்னேன். அப்ப நீ என்ன சொன்ன? சுவத்துல இருந்த போர்டைக் காட்டுன. பத்து பேர் பார்க்க... சிரிச்ச!"



போன் அடித்தது. நூர் முகம்மது பெயரைப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு கட் பண்ணினார்.

"இப்ப நான் சிரிக்கிறேன். போயிட்டு வா தம்பி."

திரும்பினார்.

குகனின் கைக்கு எட்டும் தூரத்தில் சிலை இருந்தது...

ஒரே அடி! சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சட்டை நுனியால் சிலையைத் துடைத்தான். கதவுப்பிடியைத் துடைத்தான். கீழே விழுந்த பதினாலாம் நம்பரை எடுத்துச் சட்டைக்குள் செருகினான். மேசையைப் பார்த்தான். மிச்சம் மீதி ஏதாவது? எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வைத்தான்.

போன் ஐந்தாவது முறையாக அடித்தபோது அவன் தெருமுனையைத் தாண்டியிருந்தான்.

பதினோரு மணிக்கு ஹபீபா பீவி திரும்பி வந்தாள்.

அவள் போட்ட அலறலில் மூன்று வீட்டு நாய்கள் குரைத்தன.

மாலை நான்கு மணி. கேம்பல் ஸ்திரீட்.

வியாழக்கிழமை. புது இதழ்கள் வருகிற நாள். குகன் அவற்றை மேசை முழுக்கப் பரப்பியிருந்தான். எப்போதும் போல இருக்க வேண்டும் அல்லவா?

படியேறி வந்தாள் இன்ஸ்பெக்டர் ஷர்மினி. சாதா உடை. கையில் பிளாஸ்டிக் கிளாஸில் ஐஸ் கோப்பி.

"நூர் முகம்மது விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க."

"ஐயோ மேடம், கையே ஓடல. நல்ல மனுஷன். எனக்கு அண்ணன் மாதிரி..."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"போன வாரம். இங்கதான்."

"ஓ." கிளாஸை மேசையில், இதழ்களுக்கு நடுவில் வைத்தாள். "எனக்கு காமிக்ஸ் பத்தி ஒண்ணும் தெரியாது லா. ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க மேடம்."

"அவரு வீட்ல நாலாயிரம் புக் இருக்கு. எல்லாமே கவருக்குள்ள. ஆனா எதுலயும் டேப் இல்ல. அவரு டேப்பே ஒட்ட மாட்டாராம். புதுசா வாங்கற புக்குல இருந்தாக்கூட உரிச்சு, பார்சலுக்கு வெச்சிருக்கற டேப் ரோல்ல சுத்தி வெச்சுடுவாராம். அவரு சம்சாரம் சொன்னாங்க."

குளிர்ந்த கிளாஸிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு கோடாக நகர்ந்தது. ஓரத்தில் இருந்த புது இதழை நோக்கி...

குகனின் கண் அந்தக் கோட்டை விட்டு அகலவில்லை.

"ஒரே ஒரு புக்குல மட்டும் டேப் இருக்கு மிஸ்டர் குகன். மேசை மேல. இன்னிக்குக் காலைல ஒம்பதரைக்குக் கூரியர்ல வந்தது."

தண்ணீர் இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தது.

"அதுல இன்னொரு அதிசயம். அட்டைப்படத்துல ரெண்டு சொட்டு ரத்தம். ஆனா கவருக்கு வெளிய ஒண்ணுமே இல்ல, சுத்தம். ரத்தம் உள்ள! அப்படின்னா என்ன அர்த்தம்?"

தண்ணீர் இதழின் விளிம்பைத் தொட்டது...

குகனின் கை பாய்ந்தது! இதழைத் தூக்கினான். சட்டையில் ஒற்றினான். அட்டையை வைத்தான், கவருக்குள் நழுவ விட்டான், மடித்தான், டேப்பைக் கிழித்து ஒட்டினான். டேப்பின் நுனியைச் சின்ன முக்கோணமாக மடித்துவிட்டான். வாங்குகிறவன் நகத்தால் சுரண்டாமல் பிரிப்பதற்கு. பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

எல்லாம் ஏழே விநாடியில்.

ஷர்மினி தன் போனை மேசையில் வைத்தாள். திரையில் ஒரு புகைப்படம். ரத்தச் சொட்டு உள்ளே தெரிகிற கவர். அதன் டேப் நுனியில்... அதே முக்கோணம்!



"ஒரு மனுஷன் மண்டைய உடைச்சிட்டு, அவரு ரத்தம் பட்ட இருபது வெள்ளி புக்குக்குக் கவர் போட்டவன் யாரா இருப்பான்னு யோசிச்சேன். திருடன் போட மாட்டான். சொந்தக்காரன் போட மாட்டான். கடைக்காரன்தான் போடுவான். கவர் மேல கைரேகையும் இருக்கு. சிலையைத் துடைச்ச நீங்க, கவரைத் துடைக்க மறந்துட்டீங்க."

"மேடம்... அது..."

"பதினாலாம் நம்பர் எங்க?"

குகன் உட்கார்ந்தான். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தான்.

"இதுக்குத்தானா?" ஷர்மினி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன விலை போகும்?"

"நாப்பதாயிரம்..."

"ரூபினி ஸ்டேஷன்ல உக்காந்து அழுதுட்டு இருக்கா. காலைலேர்ந்து அவருக்குப் பதினோரு தடவை போன் பண்ணாளாம். அவளுக்கு அவரு நேத்து அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இது. கேளுங்க."

போனைத் தட்டினாள்.

செத்தவரின் குரல், சிரிப்போடு:

"ரூபினிம்மா... நான் சொன்ன மாதிரியே நாளைக்குக் காலைல வீடியோ போட்டுரு. படமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சாயந்தரம் எடுத்துரலாம். அந்தப் பயல் குகன் பதறி ஓடி வருவான் பாரு! ஒரு நாள் அலைய விட்டுட்டு, மறுநாள் நானே கடைக்குப் போயி அந்தப் புக்க அவனுக்குச் சும்மா குடுத்துடறேன். பாவம், கடைய மூடப் போறானாம்..."

முடிந்தது.

கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"வீடியோவ மத்தியானமே எடுத்துட்டா," என்றாள் ஷர்மினி. "இப்ப இத பத்து வெள்ளிக்குக்கூட யாரும் கேக்கலையாம்."

குகன் அவள் காலடியில் சரிந்தான். கை இரண்டையும் கூப்பினான். அழுதான்.

"மேடம்... தெரியாம செஞ்சுட்டேன் மேடம்! புக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன்ல? மூணு பிள்ளைங்க மேடம்... எப்படியாவது பார்த்து..."

ஷர்மினி விலங்கை எடுத்தாள். அவன் தலைக்கு மேல், சுவரில் தொங்கிய போர்டை ஒருமுறை நிதானமாகப் படித்தாள். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.'

"கடை ரூல்ஸ நான் மீறலாமா குகன்? ரிட்டர்ன் கிடையாது லா!"