ஓடையைத் தாண்டிய பிறகும்

ஓடைக்கு இந்தப் பக்கம் மரத்தில் கட்டியிருந்த கேமரா அனுப்பிய படத்தில் அவள் கணவனின் முதுகு தெரிந்தது. காட்டிலிருந்து திரும்பி வருகிறவனின் முகமல்லவா தெரிய வேண்டும்?

தேசியப் பூங்காவின் ஒற்றை அறை அலுவலகத்தில் வயர்லெஸ்ஸும் கேமராத் திரையும் அவள் பொறுப்பு. அவன் வனக்காவலன். பழங்குடிகள் தங்கள் முன்னோரின் எலும்புகளை வைத்திருக்கும் குகையில் யாரோ தோண்டியிருப்பதாகச் சேதி வந்து மதியமே போயிருந்தான். குகைக்குப் பொறுப்பான பழங்குடிப் பெண் காய்ச்சலில் கிடந்தாள். அவள் துணையில்லாமல் யாரும் உள்ளே போனதில்லை. "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க, அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது" என்று அவனைக் கிளப்பிவிட்டது இவள்தான்.

குகையை விட்டு வருகிறவர்கள் முன்னோருக்கு முதுகு காட்டக்கூடாது. ஓடைவரை பின்னோக்கியே நடக்க வேண்டும். "விழுந்து இடுப்பு ஒடஞ்சா நீதான் எண்ணெய் போட்டு நீவி விடணும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஓடையைத்தான் தாண்டியாயிற்றே. இன்னும் ஏன்?

தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்தது. ஆணியில் தொங்கிய மழைக்கோட்டின் ரப்பர் வாடையும் அலமாரியில் ஊறிப்போன கோப்புகளின் பூஞ்சை வாடையும் கலந்து அறைக்குள் கனத்துக் கிடக்க, ஐந்து மணிக்கே சன்னலில் இருட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த படம் வந்தது. மூங்கில் வளைவு. மறுபடியும் முதுகு. வழுக்குப் பாதையில் கால் வைக்கும் இடத்தை ஒருமுறைகூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வயர்லெஸ்ஸை அழுத்தினாள். "போதும், ஒழுங்கா திரும்பி நடங்க. பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு."

இரைச்சல். பிறகு எங்கோ அடியாழத்திலிருந்து அவன் குரல்.

"எங்க நடக்கறது? நான் இன்னும் குகைக்குள்ளதாம்மா இருக்கேன். டார்ச் அணைஞ்சுபோச்சு. வாசல் எந்தப் பக்கம்னே தெரியல."

அவள் கடைசியாக வந்த படத்தை மறுபடி பார்த்தாள். "வேற யாராவது வெளிய வந்தாங்களா?"

"என்னை ஒரசிக்கிட்டு ஒருத்தர் போனாரு. நீ அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்."

"அங்கயே இருங்க. ஆளக் கூட்டிக்கிட்டு வரேன்."

ஜீப் சாவியை எடுத்தாள். திரை மின்னியது.

அலுவலக வாசல் கேமரா. படி. திரை நிறைய முதுகு. நனைந்த பிடரி.

மழைக்கு நடுவே ஒரு குதிகால் ஊன்றும் சத்தம். இன்னொன்று.

கதவில் தாழ்ப்பாள் போடவில்லை.

"கேக்குதா? பேசும்மா" என்றது வயர்லெஸ்.

கதவு திறந்தது. முதலில் குதிகால் உள்ளே வந்தது. பிறகு முதுகு. ஒவ்வோர் அடியாக, மேசையை நோக்கி.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. தோள்கள் அசையவில்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பத் தொடங்கியது.