டிக்கிக்குள் ஒரு சின்ன விளக்கு

டும் டும் என்று அதிர்ந்த பாட்டு பாதியில் வாயை மூடிக்கொண்டது.

"திரும்பவும் போச்சா!" அப்பா தலையில் கை வைத்தார்.

பள்ளி மைதானத்தில் அவருடைய கார் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். நடுவில் அப்பாவே மாட்டிய புது ஆம்ப்ளிஃபயர். காரை ஒட்டிப் போட்டிருந்த மரப்பலகைமேல் அவர் மகள் வாலுவும், அவள் தோழி சிட்டுவும் வெறுங்காலோடு நின்றார்கள். இன்னும் சற்று நேரத்தில் நடனப் போட்டி.

"சத்தத்தைக் குறைச்சா ஒழுங்கா பாடுது. அப்படியே ஆடிடுங்களேன்" என்றார் அப்பா.

"குறைச்சா சிட்டுவுக்கு எப்படிப்பா தெரியும்?"

சிட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மேளம் அதிரும்போது பலகையும் அதிரும். அந்த அதிர்வைப் பாதத்தில் வாங்கித்தான் ஆடுவாள். தாளம் இம்மியும் பிசகாது. காது கேட்கிற வாலுதான் அடிக்கடி தடுமாறுவாள்!

அப்பா ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. ஸ்பீக்கர் வயர்களை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தன.

"எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்றபடி மறுபடி பாட்டைப் போட்டார். டும்... டும்... கப்சிப்.

சிட்டு வாலுவின் தோளைத் தட்டினாள். டிக்கிக்குள் எரிந்த சின்ன விளக்கைக் காட்டி, விரல்களை விரித்து, குவித்து, மறுபடி விரித்தாள்.

"அப்பா! மேளம் அடிக்கும்போதெல்லாம் இந்த விளக்கு மங்குதாம்!"

மீண்டும் போட்டுப் பார்த்தார்கள். ஆமாம், மங்கியது! வாலு காரின் முன்பக்கம் ஓடினாள். அப்பா இன்னொரு முறை போட்டபோதும் அங்கே எரிந்த விளக்கு மங்கவே இல்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குப்பா. கோளாறு பின்னாடிதான். ஆம்ப்ளிஃபயரும் இந்த விளக்கும் எங்கேயாவது ஒண்ணா சேருதா?"

அப்பா சட்டென்று டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் விளக்கிலிருந்தும் வந்த இரண்டு கறுப்பு வயர்கள் ஒரே போல்ட்டில், காரின் தகட்டோடு முறுக்கப்பட்டிருந்தன.

வாலு குனிந்து பார்த்தாள். "பெயின்ட் மேலயே முறுக்கியிருக்கே! பெயின்ட் வழியா கரன்ட் போகுமா?"

"அட, சுரண்டாம மாட்டிட்டேனே!" அப்பா அசடு வழிந்தார். "தகடு வழியாத்தான் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பணும். இப்போ போல்ட் வழியா ஏதோ கொஞ்சம் போகுது. சின்னச் சத்தத்துக்கு அது போதும். பெரிய சத்தத்துக்குப் பத்தல!"

அவர் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தார். சிறுமிகள் இருவரும் உப்புத்தாளை வாங்கி மாறி மாறித் தேய்த்தார்கள். பெயின்ட் போய்த் தகடு பளபளத்தது. அப்பா போல்ட்டை நன்றாக முறுக்கி, பேட்டரி வயரையும் மாட்டினார். பிறகு சத்தத்தை முழுதாகக் கூட்டினார்.

டும்! டும்! டும்! பாட்டு நிற்கவே இல்லை.

"நான் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். நீ கண்ணால பிடிச்சிட்டியே!" என்றார் அப்பா. அது சிட்டுவுக்குப் புரியும்படி, கைதட்டுவதற்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். சிட்டு வெட்கத்தோடு வாலுவைக் கைகாட்டினாள்.

போட்டி தொடங்கியது. சிட்டு துள்ளினாள், சுழன்றாள், காற்றில் மிதந்து இறங்கினாள். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்ற வாலு, தானும் ஆட வேண்டும் என்பதையே மறந்துபோனாள்!