மாப்பிள்ளையின் அளவு

மாப்பிள்ளையின் கை குட்டையாகியிருந்தது.

வேலை முடிந்து வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். பகல் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்கள் திட்டுவதற்கெல்லாம் "மன்னிக்கணும் சார்" சொல்லிச் சொல்லி மண்டை கனத்துக் கிடந்தது. அந்தக் கனத்தில் கண்ணும் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தாள். இல்லை. முழங்கைக்குக் கீழே உள்ள குழாயை நேற்று அவளேதான் அளவுக்குக் குறைத்துவிட்டுப் போல்ட்டை முறுக்கினாள். குழாய் அதற்கும் உள்ளே போயிருந்தது. போல்ட் முறுக்கினது முறுக்கினபடியே இறுகி நின்றது.

மாப்பிள்ளை ஒரு பொம்மை. இரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி அண்ணன் செய்த ஆள். தொடை, முழங்கால், முதுகு, கை எதையும் நீட்டலாம், குறைக்கலாம். தலைக்கு ஒரு பழைய ஹெல்மெட், விரல்களுக்கு வளைத்த கம்பி. யாருக்கு மோட்டார் பைக் செய்கிறார்களோ அவருடைய அளவுக்கு அதை நீட்டி, வண்டியின் வெறும் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார வைத்து, கை எட்டுகிற இடத்தில் ஹேண்டில்பாரை வளைப்பார்கள், கால் நிற்கிற இடத்தில் மிதிக்கட்டையைப் பற்றவைப்பார்கள். கடை வண்டிக்கு ஆள் மடங்கணும், நம்ம வண்டி ஆளுக்கு மடங்கும் என்பது அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் அடிக்கிற பெருமை. "உனக்குப் பார்த்து வச்ச மாப்பிள்ளைதான் பாப்பா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான்," என்று ஒருநாள் சொன்னான். பேர் ஒட்டிக்கொண்டது.

வெல்டிங் அவன் வேலை, அளவு அவள் வேலை. முடிந்த வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் அவன் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள். அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அதற்கும் அவள் பழகிவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அவளும் அவளுக்கு அவனுமாக மிஞ்சிய வீடு அது. சமையலறைக் கதவைத் திறந்தால் பட்டறை. சோற்றிலேயே கிரீஸ் வாடை அடிக்கும். இருந்தாலும் திரும்பி வர ஒரு வெளிச்சமும், அதன் கீழே முணுமுணுத்துக்கொண்டு ஓர் அண்ணனும் இருந்தார்கள். அது போதும் என்றுதான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மாப்பிள்ளையை நீ தொட்டியா?"

"நான் ஏன் தொடப்போறேன்? உன் மாப்பிள்ளை, உன் பாடு."

அவன் புதிதாகச் செய்த வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்திருந்தான். கால்கள் இரண்டும் சின்னப் பிள்ளைக்குத் தொங்குவது போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் குள்ளம்.

அந்த வண்டியில்தான் அவள் தப்புச் செய்தாள். அதை அனுப்பியவர் ஒரு செருப்புக்கடைக்காரர். எங்கோ அடிபட்டு நசுங்கிய பழைய வண்டி. "நீளமா, தாழ்வா, பார்த்தவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி செஞ்சு குடு தம்பி" என்று போனில் சொன்னதோடு சரி. அளவு கொடுக்க வாருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் கடையில் கூட்டம் என்பார். ஒருநாள் சாயங்காலம், இன்னொரு மனிதரிடம் இன்னொரு முறை போனில் கெஞ்ச அவளுக்குத் தெம்பில்லை. வண்டியைப் பார்த்தே அளவை எடுத்துவிட்டாள். ஓடித் தேய்ந்த வண்டி, ஓட்டியவனின் உடம்பைக் காட்டிக்கொடுத்துவிடும். தொழிலில் அது ஒரு குறுக்குவழி. டாங்கின் இரண்டு பக்கமும் முட்டி உரசிப் பெயின்ட் போன இடம், சீட்டில் பின்னால் தள்ளி விழுந்த பள்ளம், மிதிக்கட்டையின் தேய்மானம், எல்லாவற்றையும் டேப்பால் கூட்டிப் பார்த்தாள். கணக்கில் நெடுநெடுவென்று ஓர் ஆள் வந்தான். வலது கைப்பிடி ரப்பரில் மூன்று விரல் பதிகிற இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மற்ற இரண்டு விரலுக்கான வரிகள் கடையில் வாங்கியபடியே புதிதாக இருந்தன. சரி, இரண்டு விரல் இல்லாத ஆள் போலிருக்கிறது என்று, மாப்பிள்ளையின் கையில் இரண்டு கம்பியை உள்ளே மடக்கிவிட்டாள். அந்த ஆளுக்குத்தான் அண்ணன் வண்டியைச் செய்தான். பழைய டாங்கையும், பிடித்துப்போன கைப்பிடியையும் அவன் மாற்றவும் இல்லை.

செருப்புக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். தொந்தி டாங்கில் இடித்தது, கை ஹேண்டில்பாருக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பத்து விரலும் இருந்தன.

"என்னம்மா, எனக்குச் செஞ்சீங்களா, கரண்டு கம்பத்துக்குச் செஞ்சீங்களா?"

"உங்க வண்டில இருந்த அளவுதான் சார்."

"என் வண்டியா? நான் இதுல ஏறினதே இல்லையேம்மா. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு, தூக்கிட்டு வந்தேன். ஓட்டினவன் லாரிக்கு அடியில போயிட்டானாம். பாதிதான் கெடைச்சுதுன்னான் கடைக்காரன்."

அண்ணன் தலையைச் சொறிந்தான். சட்டத்தை வெட்டித் திரும்பச் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினான். அவளும் அப்போதே செருப்புக்கடைக்காரரை நிற்கவைத்து அளவெடுத்து, மாப்பிள்ளையின் கை காலைக் குறைத்து, மடங்கிய கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனாள். அது நேற்று.

சட்டத்தை அண்ணன் வெட்டவில்லை. அடுத்த நாளும் வெட்டவில்லை. "நாளைக்கு வெட்டிடலாம் பாப்பா." அவள் வருகிற நேரமெல்லாம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். இன்ஜின்கூட மாட்டாத வண்டி. கைப்பிடியைத் திருகித் திருகி விடுவான். ரப்பர் கிறீச்சென்று சிணுங்கும். சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருப்பவளின் பல் கூசும். மழையில் நனைந்த தார் ரோட்டின் வாடையும் டீசல் வாடையும், இரண்டுக்கும் அடியில், நாக்கில் பழைய காசை வைத்தது போன்ற ஒரு வாடையும் கதவிடுக்கு வழியாக வந்து சோற்றுப் பானையைச் சுற்றி நின்றன. மாப்பிள்ளையின் தொடை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்ய அவளுக்குக் கை எழவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விளக்கை அணைத்தாள். அவளுடைய களைப்புக்கு எல்லாமே நாளைக்குத்தான்.

பிறகு அவனுடைய கால் விரல் தரையைத் தொட்டது.

சீட்டைத் தாழ்த்தியிருப்பான் என்று நினைத்தாள். சாப்பிட எழுந்து வந்தபோது பேன்ட்டின் அடியில் கணுக்கால் தெரிந்தது. அவனுடைய ஒவ்வொரு பேன்ட்டையும் அடி வெட்டி மடித்துத் தைப்பவள் அவள். அந்த அளவு அவள் கைக்கு மனப்பாடம்.

"என்னண்ணா, பேன்ட் ஏறிக்கிச்சு?"

"துவைச்சதுல சுருங்கியிருக்கும். எலும்பெல்லாம் ஒரே வலி பாப்பா. சின்ன வயசுல வளரும்போது வலிக்குமே, அந்த மாதிரி."

டீ கொடுத்தாள். அவன் டீ குடிப்பது ஒரு கூத்து. கரண்டி கரண்டியாகச் சர்க்கரை போட்டுக் கலக்கவே கால் மணி நேரம் ஆகும். இன்றும் கலக்கினான். ஆனால் தம்ளரை மூன்று விரலால் பிடித்திருந்தான். மற்ற இரண்டும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன.

"கைக்கு என்ன?"

"என்ன கைக்கு?" அவன் குனிந்து பார்த்தான். விரல்களை விரிக்கப் பார்த்தான் போலிருந்தது. விரியவில்லை. டீயைக் குடித்தான்.

"நாளைக்கு நீ வெட்டலைன்னா நானே வெட்டிடுவேன் அந்தச் சட்டத்த."

"டிகிரி வாங்கினவ கிரைண்டர் பிடிக்கப் போறாளாம், ஊரே வந்து பாருங்க!" சிரித்தான். சிரிப்பு அவனுடையதுதான். அவளுக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது. அன்று ராத்திரி சுவருக்கு அப்பால் அவன் தூக்கத்தில் புரளும்போதெல்லாம், எண்ணெய் போடாத கீல் போல ஏதோ நீண்டு, நொறுங்கி, அடங்கியது.

மறுநாள் மதியமே மழை பிடித்துக்கொண்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து பாதியில் கிளம்பினாள். மேலதிகாரி முறைத்தார், முறைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் போல இருட்டியிருந்தது. பட்டறையில் விளக்கு இல்லை. தகரக் கூரையில் மழை.

"அண்ணா?"

சுவிட்சைத் தட்டினாள். குழல்விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வண்டியின் மேல் ஹெல்மெட் போட்ட ஓர் உருவம், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அண்ணனின் சட்டை. தோள்பட்டைத் தையல் பிரிந்திருந்தது.

அதற்கு மேல் அவள் அங்கே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. இரும்பு வெட்டுகிற கிரைண்டரை எடுத்தாள். பிளக்கைச் செருகினாள். சட்டம் வெட்டுப்பட்டால் எல்லாம் முடியும். அண்ணன் கீழே இறங்குவான். திட்டுவான். திட்டட்டும்.

அவளுக்கும் வண்டிக்கும் நடுவில், ஸ்டூலில், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. வாசலைப் பார்த்து.

குட்டையாக. ரொம்பக் குட்டையாக.

கை தானாக டேப்பை இழுத்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை வைத்தாள். எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. அண்ணனுக்கு எத்தனை பேன்ட் தைத்த அளவு அது. இரும்பில் கை பட்டது. சுட்டது. வெல்டிங் சூடு இல்லை. காய்ச்சல்காரனின் நெற்றிச் சூடு. அவள் மடக்கிவிட்ட இரண்டு கம்பிகளும் நிமிர்ந்திருந்தன. ஐந்து விரல்.

"பாப்பா."

வண்டியிலிருந்து. அண்ணனின் குரல்.

"டீ போடேன். சர்க்கரை வேண்டாம்."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நெடுநெடுவென்ற முதுகு. இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. முட்டி, டாங்கில் பெயின்ட் போன இடத்தில், அச்சில் வார்த்தது போல. ரப்பர் பிடியில் மூன்று விரல்.

கிரைண்டரை முடுக்கினாள். சுற்றி வந்து சட்டத்தின் முதுகுக் குழாயில் வைத்தாள். தீப்பொறி. அவன் அசையவில்லை. திரும்பக்கூட இல்லை.

பின்னால், ஸ்டூல் தடதடத்தது.

நிறுத்தினாள். தடதடப்பு நின்றது.

மறுபடி வைத்தாள். இரும்பு இரும்போடு மோதியது. மாப்பிள்ளை உதறியது. வெட்டு வாங்குகிற உடம்பு உதறுவது போல.

நிறுத்தினாள்.

மழை. ரப்பர் ஒருமுறை சிணுங்கியது.

"பாப்பா. டீ."

அவள் மாப்பிள்ளையின் முன்னால் போய் மண்டியிட்டாள். பழைய ஹெல்மெட். கீறல் விழுந்த கண்ணாடி. உள்ளே ஒன்றும் இல்லை, குழாயின் முனைதான் இருக்கும், அது அவளுக்குத் தெரியும்.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்தது.

கலைந்தது.

மறுபடி படர்ந்தது.