இரண்டாவது ஓட்டை

ரூமிந்தாவின் அப்பாவுடைய மோட்டார் சைக்கிளுக்கு அன்று காலை நிலவரப்படி விலை நான்கு கோடி ரூபியா. அப்பாவைக் கேட்டால் அதற்கு விலைமதிப்பே இல்லை என்பார். ஆனால் அது ஓடுகிற நாளில்தான் அப்படிச் சொல்வார். இன்று அது ஓடவில்லை.

தாத்தா காலத்து வண்டி. பக்கத்தில் கூரை போட்ட பெட்டியைக் கட்டி, இந்தோனேசியாவின் சியந்தார் நகரத்தில் அப்பா சவாரி ஏற்றுகிறார். ரூமிந்தா பள்ளிக்கூடம் போவதும், பாதித் தூக்கத்தைத் தூங்கி முடிப்பதும் அந்தப் பெட்டியில்தான்.

விடிந்ததிலிருந்து அம்மாவின் காப்பிக்கடை வாசலில் அப்பா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். டுப் டுப் டுப் என்று கிளம்பும். தெருமுனை வரை போகும். டுப்... என்று இழுத்துக்கொண்டு நின்றுவிடும். பிறகு தள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான்.

மேதான் நகரத்திலிருந்து வந்த வியாபாரி திம்புல் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பழைய வண்டிகளை வாங்கி விற்பவர்.

"நல்லா உதைங்க, எனக்கு அவசரமில்ல. நீங்க உதைக்க உதைக்க விலை இறங்குது" என்றார்.

அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க அந்தக் காப்பியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்தக் கழுதை ஒழுங்கா ஓடலைன்னா கொண்டுபோங்க! சொன்ன வார்த்தை மாறமாட்டேன்."

"அப்பா!" என்று அலறினாள் ரூமிந்தா.

"நீ சும்மா இரு. எனக்குக் கால் வலிக்குது."

திம்புல் சட்டென்று பெரிய வாயாக ஒரு மடக்குக் குடித்தார்.

அம்மாவின் அண்ணன் மோனாங் மாமாதான் அன்றைக்குத் தலைமை வைத்தியர். அடுத்த தெருவில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார். பிளக்கைக் கழற்றித் துடைத்தாயிற்று. கார்புரேட்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டியாயிற்று.

"தப்பு வண்டியில இல்ல மாப்பிள்ளை. உங்க காலுல இருக்கு" என்றார் மாமா.

"ஆமா மச்சான்" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. பெண் கொடுத்த வீட்டாரை எதிர்த்துப் பேசுகிறவன் சியந்தாரில் இன்னும் பிறக்கவில்லை.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அப்பா டாங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸ் என்று சத்தம் வந்தது. பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு உதைத்தார். கிளம்பியது. தெருமுனையில் நின்றது. தள்ளிக்கொண்டு வந்து மறுபடி திறந்தார். மறுபடி உஸ்ஸ்.

ரூமிந்தா மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஈயப்பொட்டு ஒன்று பளபளத்தது.

"மாமா, இது என்ன?"

"அதுவா? நேத்து நான்தான் அடைச்சேன். மூடியில ஓட்டை இருந்தா மழைத்தண்ணி இறங்காதா? உங்கப்பா இத்தனை வருஷமா கவனிக்கவே இல்ல பாரு!"

ரூமிந்தா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மூடியைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"சொல்லுங்கப்பா!" என்று கிசுகிசுத்தாள்.

"எப்படிடி சொல்றது? உங்கம்மாவோட அண்ணன். நாலு பேரு முன்னால அவரு செஞ்சது தப்புன்னு சொன்னா, எனக்குச் சோறு கிடைக்காது."

திம்புலின் கண்ணாடி டம்ளரில் இரண்டு மடக்குதான் மிச்சம் இருந்தது.

ரூமிந்தா கடைக்குள் ஓடினாள். புது டப்பா கெட்டிப்பாலை எடுத்து, ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டாள். டப்பாவையும் காப்பியையும் மாமாவிடம் கொண்டுவந்தாள்.

"மாமா, உங்களுக்குத்தான் காப்பி. ஆனா பால் வரமாட்டேங்குது. கெட்டுப்போச்சா?"

மாமா டப்பாவைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது.

"மக்கு! ஒரு ஓட்டை போட்டா எப்படி வரும்? காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும், அப்பத்தானே பால் வெளிய வரும்? காப்பிக்கடைக்காரி மகளுக்கு இதுகூடத் தெரிய..."

பேச்சு பாதியில் நின்றது. மாமா டப்பாவைப் பார்த்தார். டாங்க் மூடியைப் பார்த்தார். மறுபடியும் டப்பாவைப் பார்த்தார்.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார். "நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

ஆணியும் சுத்தியலும் வந்தன. ஈயப்பொட்டு நடுவில் குட்டி ஓட்டை விழுந்தது. அப்பா உதைத்தார்.

டுப் டுப் டுப் டுப்! வண்டி தெருமுனையைத் தாண்டியது. சந்தையைச் சுற்றியது. நிற்காமல் திரும்பி வந்தது.

திம்புல் கடைசி மடக்கை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கிவிட்டு, "நாலரைக் கோடி?" என்றார்.

"காப்பிக்குக் காசு வெச்சுட்டுப் போங்க" என்றார் அப்பா.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "நான் மட்டும் இல்லைன்னா இந்த வண்டி இன்னைக்கு மேதான் போயிருக்கும்!" என்று மாமா ஆணியை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா மச்சான்" என்றார் அப்பா. இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை.

பிறகு மகள் பக்கம் குனிந்தார். "பாவம்டி நீ. எல்லாப் பெருமையும் அவருக்கே போயிடுச்சே."

ரூமிந்தா பெட்டிக்குள் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"போகட்டும்ப்பா. பெருமை மாமாவுக்கு, வண்டி நமக்கு. காப்பிக் காசு மட்டும் மாமா பாக்கி."